தண்டவாளம் பிரியும் இடமும் நாம் கடக்கும் இடமும்

திருகோணமலைக்கு இரவு ரயிலில் போய் வந்தவர்களுக்குக் கல்லோயாச் சந்தி மறக்காது. நல்ல உறக்கத்தில் இருக்கும்போது பெட்டி ஒரு முறை குலுங்கும். பிறகு நீண்ட அமைதி. யன்னலைத் திறந்து பார்த்தால் காடு, ஒரு மேடை, மங்கலாய் இரண்டு விளக்குகள். "வந்திட்டுதா அம்மா?" என்று பிள்ளை கேட்கும். "இல்லை, இது கல்லோயா. இன்னும் கிடக்கு, படு" என்பாள் தாய்.

அந்தக் குலுக்கலுக்கு ஒரு காரணம் இருந்தது. கொழும்புக் கோட்டையில் ஒன்றாகப் புறப்படும் இரவு ரயிலை இந்தச் சந்தியில் இரண்டாகப் பிரிப்பது நெடுங்கால வழக்கம். ஒரு பகுதி மட்டக்களப்புக்குப் போகும். மற்றது வேறோர் இயந்திரத்தோடு வடகிழக்கே திரும்பித் திருகோணமலைக்கு வரும். தவறான பெட்டியில் உறங்கிவிட்டு விடியற்காலை வேறு ஊரில் கண் விழித்தவர்களின் கதைகள் இரண்டு ஊர்களிலும் உண்டு. அதனால் ஏறும்போதே "இது திருமலைப் பெட்டிதானே?" என்று இரண்டு பேரிடமாவது கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லோயா என்றதும் பலருக்கு அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாக் குடியேற்றத் திட்டமும் சேனநாயக்க சமுத்திரமும்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. நான் சொல்லும் கல்லோயா, ஹபரணைக்கும் ஹிங்குராக்கொடைக்கும் இடையில் காட்டுக்குள் இருக்கும் ரயில் சந்தி. ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் திருகோணமலைத் துறைமுகத்தை இந்த நாட்டின் மற்றப் பகுதிகளோடு ரயிலால் இணைக்கும் ஒரே முடிச்சு அதுதான். அங்கிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து பாதை திருகோணமலையில் முடிகிறது.

எதற்காகப் போட்டார்கள்?

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864இல், கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையில். அது கோப்பிக்காக வந்த ரயில். பிறகு தேயிலைக்காக மலையேறியது. 1905இல் காங்கேசன்துறைக்குப் போனது. 1914இல் தலைமன்னாருக்கு வந்து இந்தியாவுக்கான கப்பலைச் சந்தித்தது. கிழக்குக் கரை மட்டும் காத்திருந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றென்று எல்லோரும் புகழும் திருகோணமலைக்கு 1927இல்தான் ரயில் வந்தது. மட்டக்களப்புக்கு அதற்கடுத்த ஆண்டு, 1928இல். வடக்குப் பாதையில் உள்ள மாகோவில் தொடங்கும் ஒரு கிளை கிழக்கே வந்து, கல்லோயாவில் இரண்டு கைகளாய்ப் பிரிந்து இரண்டு கடற்கரைகளைத் தொட்டது.

இவ்வளவு பிந்தி வந்தது எதற்காக என்பதைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்க் குதங்களே சொல்லும். முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவிட்டன. கிழக்குக் கடலில் தன் கப்பல்களுக்கு எண்ணெய் சேமித்து வைக்க ஆங்கிலேய அரசுக்கு ஓரிடம் தேவைப்பட்டது. சீனக்குடாவின் காட்டுக்குள் 1920களில் தொடங்கி 1930கள் வரை பெரும் இரும்புத் தாங்கிகள் எழுந்தன. அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். ரயில் வந்ததும் தாங்கிகள் எழுந்ததும் ஒரே பத்தாண்டில் நடந்தவை. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வயற்காரருக்கு அந்தப் பாதையால் பயன் கிடைத்தது உண்மைதான். ஆனால் வயற்காரருக்காக மட்டும் அன்றைய அரசு இத்தனை மைல் காட்டை வெட்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். அன்று மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, 1957இல் கடற்படைத் தளமும் விமானத்தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. ஆங்கிலேயர் போனார்கள். தண்டவாளம் நமக்கு மிஞ்சியது.

மா வந்த வழி

சீனக்குடா நிலையத்தைத் தாண்டும்போது பிரதான பாதையிலிருந்து விலகித் துறைமுகக் கரைக்குத் திரும்பும் ஓர் இணைப்புத் தண்டவாளம் உண்டு. பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நம் அடுப்படிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருக்கிறது.

1977இல் சிங்கப்பூர் நிறுவனமான பிறீமாவுடன் அரசாங்கம் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி துறைமுகக் கரையில் ஒரு கோதுமை மா ஆலை கட்டப்பட்டு 1980இல் இயங்கத் தொடங்கியது. ஓரிடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளில் அதுவும் ஒன்று. கப்பலில் கோதுமை வந்து ஆலையில் இறங்கும். மாவாகி, மூடையாகி, ரயிலிலும் லொறியிலும் நாடெங்கும் போகும். இந்த நாட்டில் கோதுமை ஒரு மணியும் விளைவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் காலையில் பாண், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு ரொட்டி, இரவுக்கு அவித்த மாவில் புட்டோ இடியப்பமோ என்று நம் சமையல் கோதுமை மாவோடு பின்னிக் கிடக்கிறது. நெல் விளையும் தம்பலகாமத்திலும் கூடக் கடையில் மா இல்லை என்றால் வீட்டுக்காரி திண்டாடிப் போவாள்.

சிறு வயதில் மா ரயிலை எண்ணுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பயணிகள் ரயிலுக்குப் பெட்டி குறைவு, சுவாரசியம் இல்லை. மா ரயில் வந்தால்தான் எண்ணி முடிக்க நேரம் எடுக்கும். ஒருவர் எண்ணியதும் மற்றவர் எண்ணியதும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

யுத்த காலத்தில் இந்தப் பாதை நின்று நின்று ஓடியது. சில காலம் ரயில் வரும், சில காலம் வராது. வந்தாலும் அடையாள அட்டை, சோதனை, பயணப் பொதியைக் கொட்டிக் கிளறல் என்று ஒவ்வொரு பயணமும் ஒரு பரீட்சை. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்று, 2014 ஒக்டோபரில்தான் மறுபடியும் யாழ்ப்பாணத்தை எட்டியது. அந்த இடைக்காலத்தில் தரைவழி மூடியிருந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மக்கள் கப்பலில் திருகோணமலைக்கு வந்து இறங்கினார்கள். கைக்குழந்தையோடும் மருந்துச் சீட்டோடும் கொழும்புக்குப் போக வாகனம் தேடி நின்ற தாய்மார்களை இந்த ஊர் நிறையக் கண்டிருக்கிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் புறப்பட்ட நம் சகோதரிகளில் எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறியதும் இந்த இரவு ரயிலில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பும் திருகோணமலையும் ஒரே கடற்கரையில் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது. கரையோர வீதியில் போனால் கிண்ணியா முதல் பல இடங்களில் ஓடத்துறைகள். மழைக் காலத்தில் அந்தப் பயணம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலில் வருவதென்றால் உள்ளே கல்லோயா வரை ஏறி, அங்கே மாறி, மறுபடியும் கடலை நோக்கி இறங்க வேண்டும். கலியாண வீட்டுக்கு வருபவர்களும் பிள்ளைப்பேறு பார்க்க வரும் தாய்மாரும் காட்டு நடுவில் அந்த மேடையில் மணிக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும், அடுத்த ஆண்டுகளில் கரையோர வீதியின் ஏனைய பாலங்களும் திறந்த பிறகுதான் பஸ் அந்தப் பயணத்தைச் சுலபமாக்கியது.

ஒரு வட்டத் தகட்டின் கதை

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன்.

திருகோணமலைப் பாதை ஒற்றைப் பாதை. போகும் ரயிலுக்கும் வரும் ரயிலுக்கும் ஒரே தண்டவாளம். அப்படியானால் இரண்டும் எதிரெதிரே வந்துவிடாதா? இந்தக் கேள்வியைச் சிறு பிள்ளைகள் கேட்பார்கள். நாம் பெரியவர்கள் கேட்பதில்லை.

அதற்கு ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையிலான துண்டுப் பாதைக்கென்று உலோகத் தகடுகள் உண்டு. உள்ளங்கையளவு வட்டத் தகடு. அதில் அந்த இரண்டு நிலையங்களின் பெயரும் பொறித்திருக்கும். தகடுகள் இரண்டு நிலையங்களிலும் உள்ள இரண்டு இயந்திரப் பெட்டிகளுக்குள் இருக்கும். பெட்டிகள் இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. மறு நிலையத்து அதிபர் சம்மதம் கொடுத்தால்தான் இந்த நிலையத்தில் தகடு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும் வரை இரண்டு பக்கத்திலும் வேறு தகடு வராது. அந்தத் தகடு கையில் இல்லாமல் சாரதி ரயிலை நகர்த்தக் கூடாது. வளையத்தோடு கூடிய தோல் பையில் அதை வைத்து, ஓடும் ரயிலிலிருந்தே மேடையில் நிற்பவரிடம் கொடுத்து வாங்குவதை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். வேடிக்கையாகத் தெரியும். அந்த ரயிலில் உள்ளவர்களின் உயிர் முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிறது.

இது சும்மா வந்த ஒழுங்கல்ல. 1874இல் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையில் தோர்ப் என்ற இடத்தில், தந்தி மூலம் கொடுத்த உத்தரவில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். மனிதர் மறப்பார்கள், அவசரப்படுவார்கள், ஒன்றைக் கேட்டு வேறொன்றை விளங்கிக்கொள்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, எட்வேட் டையர் என்ற பொறியியலாளர் 1878இல் இந்தத் தகட்டு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது உலகெங்கும் பரவி நம் காட்டு நிலையங்களுக்கும் வந்து சேர்ந்தது.

கல்லோயாவில் பாதை பிரியும் இடத்திலும் இதே கவனம்தான். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் கூராகச் சீவிய இரும்பு நாக்குகள் இருக்கும். அவை இந்தப் பக்கம் சாய்ந்தால் மட்டக்களப்பு, அந்தப் பக்கம் சாய்ந்தால் திருகோணமலை. நாக்கு ஒழுங்காகப் போய் ஒட்டிப் பூட்டிக்கொள்ளாவிட்டால் சிக்னல் கை இறங்காது. இரண்டு நெம்புகோல்களும் ஒன்றையொன்று தடுக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். கவனக்குறைவான ஆள் இழுத்தாலும் அது அசையாது.

தண்டவாளமும் தண்டவாளமும் சந்திக்கும் இடத்துக்கு இவ்வளவு பூட்டு, இவ்வளவு சம்மதம், இவ்வளவு சாட்சி. தண்டவாளமும் நாமும் சந்திக்கும் இடத்தில் என்ன இருக்கிறது?

கடவை

கடவை என்பது நம் பழைய சொல். வேலியில் ஆள் ஏறிக் கடப்பதற்கு விட்ட இடத்தையும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது வீதி தண்டவாளத்தைக் கடக்கும் இடத்துக்கும் அதே பெயர். பிரதான வீதிக் கடவைகளுக்குக் கேற் உண்டு, காவலாளி உண்டு, மணி உண்டு. ஆனால் இலங்கையில் ஆயிரத்துக்கும் அதிகமான கடவைகளில் பல நூறு இடங்களில் ஒரு மஞ்சள் பலகையைத் தவிர வேறொன்றும் கிடையாது. வயலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் ஒழுங்கைகள் அவை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் அப்படியான ஒழுங்கைகளை நாள்தோறும் கடப்பவர்கள் யார் என்று ஒரு காலைப் பொழுதில் நின்று பார்த்தால் தெரியும். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்ஹாவெலைப் பக்கத்தில் யாங்கல்மோதரைக் கடவையில் ஒரு தனியார் பஸ், வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் பாய்ந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அதன் பிறகு கடவைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

பேச்சின் ஒரு பலனாக, காவலில்லாத கடவைகளுக்குப் பொலிஸ் ஊடாகத் தற்காலிகக் காப்பாளர்களை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. யுத்தத்துக்குப் பிறகு வடக்கே ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது அங்கும் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்தார்கள். பெண்கள் கணிசமானோர். கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் பலர். 2010களில் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 250 ரூபாய். மாதத்தில் ஒரு நாளும் தவறாமல் வந்தால் 7,500 ரூபாய். நிரந்தர நியமனம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. சம்பளத்தை உயர்த்தச் சொல்லியும் நிரந்தரமாக்கச் சொல்லியும் அவர்கள் பல தடவை வீதிக்கு இறங்கினார்கள். பத்திரிகைகளில் அவர்களின் படமும் வந்தது. உச்சி வெயிலில் சிறு கொட்டில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு தண்ணீர்ப் போத்தல். ரயில் பிந்தினால் அவர்களும் பிந்த வேண்டும். பெண்ணுக்கு இன்னொரு சிரமமும் உண்டு, அதைப் பத்திரிகைகள் எழுதவில்லை. பக்கத்தில் மலசலகூடம் இல்லாத இடத்தில் ஒரு முறை முழுவதும் எப்படி நிற்பது?

நிலைய அதிபரின் பெட்டிக்குள் இருக்கும் தகடு தவறே செய்யாது. கொட்டிலில் நிற்கும் தங்கச்சி மனுசி. அவளுக்குக் காய்ச்சல் வரும், பிள்ளைக்கு வருத்தம் வரும், பசி வரும். தோர்ப் விபத்துக்குப் பிறகு ஆங்கிலேயன் படித்த பாடம், மனிதரை மட்டும் நம்பி உயிரை விடாதே என்பது. அந்தப் பாடத்தைத் தண்டவாளத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, வீதிப் பக்கத்தில் மட்டும் 250 ரூபாய்க்கு ஒரு மனுசியை நிறுத்தியது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

யானைகளின் கடவை

மறுபடியும் கல்லோயாவுக்குப் போவோம். அங்கே மனிதரைவிட முன்பிருந்தே கடப்பவர்கள் இருக்கிறார்கள். மின்னேரியா, ஹபரணைக் காடுகளின் யானைகள் தண்ணீருக்கும் புல்லுக்கும் போகும் பாதையை அறுத்துக்கொண்டுதான் இந்தத் தண்டவாளம் 1920களில் வந்தது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி விடியுமுன் ஹபரணைக்கு அண்மையில், கல்லோயாப் பகுதியில், பயணிகள் ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் செத்தன. பயணிகள் தப்பினார்கள். அதற்கு நாலு மாதங்களுக்கு முன், 2024 ஒக்டோபரில், எரிபொருள் ஏற்றிச் சென்ற ரயிலும் மின்னேரியாப் பக்கத்தில் யானைகளோடு மோதித் தடம் புரண்டிருந்தது. அந்த 2025ஆம் ஆண்டுப் படங்களில் தண்டவாளத்து ஓரத்தில் விழுந்து கிடந்த யானையின் தும்பிக்கையைத் தன் தும்பிக்கையால் பிடித்து நின்ற ஒரு யானையை நாம் எல்லோரும் பார்த்தோம். என் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு யாரும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

யானைக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதனால், இந்தப் பாதையோரத்தில் வாழும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். 200 மீற்றருக்கு அப்பால் வளைவில் அது கண்ணுக்குத் தெரிந்தால் நம்மிடம் இருப்பது பன்னிரண்டு செக்கன். இயந்திரம் மட்டுமே எழுபது, எண்பது தொன் இருக்கும். சாரதி நம்மைக் கண்டு பிரேக் போட்டாலும் ரயில் நிற்க இன்னும் பல நூறு மீற்றர் போகும். சாரதி பார்த்துக்கொள்வார் என்று நினைக்கவே கூடாது.

ரயில் தூரத்தில் மெதுவாக வருவதுபோல் தெரிவது கண்ணின் மயக்கம். பெரிய பொருள் நேரே நம்மை நோக்கி வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. காதையும் முழுதாக நம்ப முடியாது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் சத்தம் கடைசி நேரத்தில்தான் கேட்கும். இரண்டு மூன்று பெட்டியோடு ஓடும் சிறு ரயில் பெரிய ரயிலைப்போல் இரையாது. காதில் கைத்தொலைபேசிப் பாட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்டவாளத்தில் காது வைத்துப் பார்க்கும் விளையாட்டை நாங்கள் சிறு வயதில் விளையாடியிருக்கிறோம். அதை என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒன்று. கடவையில் தண்டவாளத்தின் உட்பக்கமாக ஓர் இடுக்கு இருக்கும். ரயில் சில்லின் விளிம்பு போவதற்காக வேண்டுமென்றே விட்ட இடுக்கு அது, மூட முடியாது. சாய்வாகப் போனால் சைக்கிள் சில்லு அதற்குள் இறங்கிவிடும். பின்னால் பிள்ளையும் முன்னால் அரிசிப் பையும் இருந்தால் விழுந்துதான் ஆகவேண்டும். நேராகக் கடக்க வேண்டும், முடிந்தால் இறங்கி உருட்ட வேண்டும். பிள்ளையை முதலில் இறக்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மாடுகளைச் சாய்த்துப் போகும்போது கன்று பின்தங்கினால் அதைத் தேடித் திரும்பி ஓடாதீர்கள். சொல்வது சுலபம் என்று எனக்குத் தெரியும். கன்று என்பது ஒரு வீட்டின் அடுத்த வருடம். இருந்தாலும் ஓடாதீர்கள்.

உங்கள் ஒழுங்கைக் கடவையில் புதர் வளர்ந்து பார்வையை மறைத்தால் மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும் ரயில் நிலைய அதிபருக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடவை என்று தெளிவாக எழுதுங்கள். பாதையோரத்தில் கிலோமீற்றர் அல்லது மைல் குறித்த சிறு கற்கள் இருக்கும். அருகிலுள்ள கல்லின் இலக்கத்தையும் சேர்த்து எழுதினால், "எந்த இடம் என்று தெரியவில்லை" என்று கடிதத்தை ஒதுக்க முடியாது. கடவையில் காவலுக்கு நிற்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, போய்வரப் பக்கத்தில் ஒரு வீடு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது தம்பலகாமத்துப் பக்கம் ஒரு கடவையில் நின்றேன். ரயில் வரும் நேரம். ஒரு வயதான அம்மா தலையில் விறகுக் கட்டோடு வந்தார். நின்றார். கட்டை இறக்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பையே முழுதாக இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். "கோச்சி போகட்டும் பிள்ளை, எங்களுக்கென்ன அவசரம்" என்றார். அன்று ரயில் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது. அவர் விறகை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.